கடைசி அப்டேட்

வங்காளிகள் நிறைந்த பெஹாலாவில் என் வாடகை வீட்டுக்குக் கீழே குடியிருந்தவர், ரயில்வேயில் ஓய்வு பெற்ற தமிழர். ஒல்லியாக, உயரமாக இருப்பார். டிவி ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவே மாட்டார்; கிழிந்தால் அதன் மேலேயே இன்னொன்று போடுவார்.

அந்த டிவியோடு ஒரு சின்னக் கம்ப்யூட்டரை இணைத்துவிட்டு அவர் மகன் வெளிநாடு போயிருந்தான். படம், பாட்டு எல்லாம் அதில்தான். மகனிடமிருந்து போன் வருவது நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் திரையில் அப்டேட் ஓடும்போதெல்லாம், "பையன் அங்கேர்ந்து சரி பண்றான்" என்பார். அது முடியும்வரை, பெருக்க வரும் மாஷியைக்கூட ஒயர் பக்கம் விடமாட்டார். நான் சாஃப்ட்வேர்க்காரன்தான். இருந்தும் மறுத்துச் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டார். அப்போதுதான் அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. "தம்பி, டிவில என்னமோ எழுதியிருக்கான். படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். "இந்தக் கம்ப்யூட்டர் பழசாயிடுச்சாம் அங்கிள். இதுதான் கடைசி அப்டேட்டாம். இனிமே வராதாம்."

முகம் வெளுத்துவிட்டது. "அவனா அப்படி எழுதினான்?"

"ஐயோ, இல்ல அங்கிள்! இது கம்பெனிக்காரன் அனுப்பினது. எல்லார் வீட்டுக்கும் இதேதான் வரும்."

ஆறுதல் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அவர் திரையைப் பார்த்தபடியே கேட்டார்: "அப்போ இதுக்கு முன்னாடி வந்ததெல்லாம்?"

நானும் திரையைப் பார்த்தேன். அந்தச் செய்திக்குக் கீழே 'ஓகே' என்று ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது.

"நீங்களே அமுக்கிடுங்க தம்பி" என்று ரிமோட்டை நீட்டினார்.