அப்பா கேட்ட டோக்கன்

எங்கள் வீட்டில் எல்லோர் வாயிலும் புழங்கும் இங்கிலீஷ் வார்த்தை ஒன்று உண்டென்றால் அது ஷிப்ட்தான். அப்பா தங்கவயல் சுரங்கத்தில் பார்த்தது ஷிப்ட். சுரங்கம் மூடியபின் பெங்களூருக்குச் சாமான் ஏற்றி வந்ததை அம்மா இன்றும் "ஷிப்ட் ஆயி வந்தப்போ" என்பாள். ஹெப்பகோடி ஃபேக்டரியில் நான் பார்ப்பதும் ஷிப்ட். இத்தனையும் போதாதென்று போன மாதம் ஆஸ்பத்திரியில் இன்னொன்று வந்து சேர்ந்தது.

நுரையீரலில் சளி கட்டி அப்பா ஐந்து நாள் ஐசியூவில் கிடந்தார். "மத்தியானம் மூணாவது மாடி வார்டுக்கு ஷிப்ட் பண்றோம். ஆனா மூச்சு நிதானமா இருக்கணும். இல்லன்னா மறுபடி உள்ளதான்" என்றார் சிஸ்டர். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூட எனக்கு இறங்கவில்லை.

லிஃப்ட் வரைக்கும் அப்பா தள்ளுகட்டிலில் நல்லபடியாகத்தான் வந்தார். பழைய லிஃப்ட், மடக்குக் கம்பிக் கதவு. அதைப் பார்த்ததும் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என் டோக்கன் எங்க? டோக்கன் இல்லாம மேல வரமாட்டேன்."

சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு பித்தளை டோக்கன் உண்டு. முகமெல்லாம் கல்தூசியோடு மேலே வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஆள் இன்னும் கீழேதான் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். மருந்து மயக்கத்தில் அப்பாவுக்கு லிஃப்ட், ஆட்களை ஏற்றி இறக்கும் சுரங்கக் கூண்டாகிவிட்டது.

"கைய விடுங்க தாத்தா" என்று சிஸ்டர் கெஞ்சினார். விடவில்லை. மெஷினில் ஆக்ஸிஜன் எண் இறங்கியது. தொண்ணூற்று மூன்று. தொண்ணூறு. எண்பத்தெட்டு.

"இப்படியே போனா திருப்பி ஐசியூவுக்கே கூட்டிட்டுப் போயிடுவேம்மா" என்றார் என்னிடம்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கழுத்தில் தொங்கிய ஃபேக்டரி ஐடி கார்டைக் கழற்றி அவர் கையில் திணித்தேன். "இந்தாங்கப்பா, டோக்கன்."

கார்டை மூடிக்கொண்டது கை. லிஃப்ட் ஏறியது. மூச்சும் மெல்ல அடங்கியது. அப்பாடா என்றிருந்தது.

வார்டில் அம்மா காத்திருந்தாள். டோக்கனைக் கொடுக்கணும் என்று அப்பா முனகியதும், சுரங்கத்துக்காரர் பெண்டாட்டி அல்லவா, ஒன்றும் கேட்காமல் கையை நீட்டினாள். கொடுக்கப் போனவர் அதிலிருந்த என் போட்டோவைப் பார்த்துவிட்டார்.

"இது எம் பொண்ணாச்சே. இவள எதுக்குடா கீழ எறக்குனீங்க?"

மறுபடி மூச்சு இரைத்தது. தன் பிள்ளைகளில் ஒன்றுகூட அந்தக் குழிக்குள் இறங்கக் கூடாது என்று காலமெல்லாம் சொன்ன மனுஷன். அவசரத்தில் நானே என்னை இறக்கிவிட்டேன். சிஸ்டர் மெஷினைப் பார்த்தார், நான் சிஸ்டரைப் பார்த்தேன்.

குனிந்து அவர் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்தேன். "மேல வந்துட்டேம்பா. ஷிப்ட் முடிஞ்சிடுச்சு."

நெற்றி, மூக்கு, கன்னம் என்று விரலால் தடவினார். பிறகு அந்த விரலைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"தூசி இல்ல" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கார்டைக் கொடுத்தார்.