சட்டைப்பைக்குள் போன சீட்டு

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் சிதம்பரத்தில் என்னை நானே பெரிய ஆளாக நினைத்துக்கொண்டு திரிந்தேன். கல்லூரியில் அரசியல் பாடம் நடத்திவந்தேன். அது போதாதென்று, மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியைப் பிடித்து, வெளியுறவுக் கொள்கை பற்றிப் பொதுக் கலந்துரையாடல் நடத்தினேன். நோட்டீசும் நானேதான் எழுதுவேன். "அடுத்த மாதம்: வளைகுடா நாடுகளும் இந்தியாவும். பேசுபவர், வெளியுறவுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பொதுமக்கள் கேள்வி கேட்கலாம்." புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டச் சொன்னேன். அதைப் படித்துவிட்டு நிஜமாகவே ஒரு பொதுஜனம் வந்து நிற்பார் என்று நான் யோசிக்கவே இல்லை, பாருங்கள்.

வழக்கமாக வருகிறவர்கள் நாலு வக்கீல், பத்துப் பன்னிரண்டு வாத்தியார், எனக்குப் பயந்து வருகிற மாணவர்கள். வளைகுடா பற்றிய கூட்டத்தன்று கடைசி வரிசையில் ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். லால்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறாராம். எங்கள் கூட்டத்தில் மைக்கை யாரிடமும் கொடுப்பதில்லை. கொடுத்தால் அரைமணி நேரத்துக்குத் திரும்பி வராது. துண்டுச்சீட்டில் கேள்வியை எழுதிக் கொடுக்கவேண்டும். நான் பொறுக்கிப் படிப்பேன்.

பாயின் சீட்டு முத்து முத்தாக இருந்தது. ஒரு அடித்தல் கிடையாது. "என் மருமகன் சவுதியில் கட்டட வேலையில் இருக்கிறார். பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொண்டு ஊருக்கு விடமாட்டேன் என்கிறார். இங்கே அவருடைய வாப்பாவுக்கு உடம்பு மோசமாக இருக்கிறது. மகனைப் பார்க்கவேண்டும் என்கிறார். நாங்கள் யாருக்கு எழுதவேண்டும்?"

என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பேச்சாளர் அந்தத் துறையிலேயே முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஒரு நிமிஷத்தில் பதில் சொல்லியிருப்பார். எனக்கோ கூச்சம். இவ்வளவு பெரிய மனுஷரைக் கூட்டிவந்து, பாஸ்போர்ட் புகாரையா கேட்பது? ஏதோ தாலுகா ஆபீஸ் மனுநீதி நாள் மாதிரி ஆகிவிடுமே! சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மிச்சமிருந்த நேரத்தில் அணிசேராக் கொள்கை பற்றி என் சொந்தக் கேள்வி ஒன்றைக் கேட்டேன். கேள்வியே நாலு நிமிஷம் ஓடியது. வக்கீல்கள் கைதட்டினார்கள். பாயும் தட்டினார்.

துணி துவைக்கும்போது அந்தச் சீட்டு என் மனைவி கையில் கிடைத்தது.

"என்னங்க, பாவம் இவுங்களுக்குப் பதில் சொல்லிட்டாங்களா?" என்றாள்.

"ம்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

அடுத்த மாதம் அணு ஒப்பந்தம் பற்றிப் பேச்சு. மாடிப்படியிலேயே பாய் காத்திருந்தார். கையில் புதுச் சீட்டு.

"சார், போன தடவ எங்கேள்விய நீங்க படிக்கலையே. எழுத்து வௌங்கல போல. நமக்கு ஆறாங்கிளாஸ்தான். அதான் இந்த வாட்டி எம்பொண்ண எழுதச் சொல்லி எடுத்தாந்தேன்" என்றார்.

தப்பித்துக்கொள்ள அவரே வழியும் செய்துகொடுத்துவிட்டார். நான் வெட்கங்கெட்டு அதில் நுழைந்தேன்.

"ஆமாம் பாய், எழுத்து கொஞ்சம் புரியல."

"அதானே பாத்தேன்" என்று சிரித்தார். சம்பந்தி இப்போது படுத்த படுக்கை என்றார்.

அன்றைக்கு என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தை நினைவில்லை. மறுநாள் காலையில் அந்த ஓய்வு பெற்ற அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். பத்தே நாளில் பதில் வந்தது. தூதரகத்தில் யாருக்கு எழுதவேண்டும், எந்தெந்தக் காகிதத்தை இணைக்கவேண்டும் என்று ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தார். "இதை அன்றைக்கே கேட்டிருக்கலாமே" என்று கடைசியில் ஒரு வரி. விண்ணப்பத்தை நானே எழுதி அனுப்பினேன். நாலு மாதம் கழித்து மருமகன் ஊர் வந்து சேர்ந்தார் என்று பாய் போன் செய்தார். வாப்பாவைப் பற்றி அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பயம்தான், வேறென்ன.

அதற்கடுத்த கூட்டத்துக்கு மருமகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். வெயிலில் கருத்து மெலிந்த பையன். கூட்டம் முடிகிற நேரத்தில் பாய் மேடை ஏறி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். எங்கள் மண்டபத்துப் பொன்னாடை, போர்த்தியவுடன் மடித்து அடுத்த மாதத்துக்கு எடுத்துவைக்கிற சரக்கு. இது புதுசு, கடை மடிப்பு கலையாதது. முதல்முறையாக மைக்கை ஒருவரிடம் கொடுத்தேன்.

"சார் இல்லன்னா எம்மருமவன் வந்துருக்க மாட்டாரு" என்றார். "சம்பந்திதான் மவுத்தாயிட்டாரு. இவரு வந்து எறங்கறதுக்கு இருவது நாளு முன்னாடி. ஒரு மாசம் முந்தி எழுதியிருந்தா மொகத்தையாவது பாத்துருப்பாரு. சார் மேல குத்தமில்ல. எங்கையெழுத்து வௌங்காம போயிட்டுது. பொண்ணுகிட்ட மொதல்லயே குடுத்து எழுதி வாங்கியிருக்கணும். அத நெனச்சாத்தான் தூக்கம் வரமாட்டேங்குது."

மருமகன் தலை குனிந்து நின்றார். பாய் மைக்கை என் கையில் கொடுத்தார். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். உங்கள் எழுத்து நன்றாகத்தான் இருந்தது, பாய். அவ்வளவுதான். முன் வரிசையில் வக்கீல்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதுப் பொன்னாடை கழுத்தில் அரித்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். அடுத்த மாதம் இதே நாள், இதே இடம், இந்தியாவும் அண்டை நாடுகளும் என்று அறிவித்தேன். பொதுமக்கள் கேள்வி கேட்கலாம் என்றும் சொன்னேன்.