முதல் வரியில் ஒரு பெயர்

என் தொப்பிக் கடைக்குள் வந்தால் டெலைட் ஹஸ்கின்ஸ் உட்காரமாட்டாள். நாற்காலி போட்டால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மறு நிமிடம் ஜன்னலில் இருப்பாள். அடுத்த நிமிடம் நான் தைத்து வைத்த நாடாவைப் பிரித்துக்கொண்டிருப்பாள். ஆப்பிளைக்கூட நடந்துகொண்டேதான் தின்பாள். நடுத்தண்டையும் விடமாட்டாள், விதைகளை மட்டும் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வாள். எதற்கென்று கேட்டால், "தரையில துப்பினா நீ கத்துவியே!"

முழங்காலோடு நின்றுவிடும் பாவாடை, அதற்குக் கீழே கால்சட்டை. அவளைப் பார்க்கவே எங்கள் ஊரில் வண்டிகள் நிற்கும். "ஹஸ்கின்ஸ் அம்மா, உம் புருஷன் எதைப் போட்டுக்கிட்டுத் திரியறான்?" என்று கொல்லன் கத்துவான். "விழுந்து கெடக்கிறவனுக்குக் கால்சட்டை எதுக்குய்யா?" திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுவாள்.

குடிகாரப் புருஷனை விட்டுப் பிரியலாம் என்று மேடையேறிச் சொன்னவள். சொன்னதோடு விட்டாளா? பிரிந்தும் வந்தாள். சட்டம் பிள்ளையைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டது. மகள் ஃபீபி இரண்டு ஊர் தள்ளி இருக்கிறாள். மூன்று வருஷமாக அவள் முகத்தை இவள் பார்க்கவில்லை.

பிள்ளைமேல் தாய்க்கும் உரிமை வேண்டும் என்று எங்கள் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் இருக்கும் சட்டசபைக்கு அனுப்ப ஒரு மனு. இந்த ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்து நாலாம் வருஷத்துப் பனியில் வீடு வீடாக ஏறி இறங்குகிறாள். தாளோடு தாளை மாவுப் பசையால் ஒட்டி, சுருட்டி, அக்குளில் இடுக்கியிருப்பாள். முதல் வரியில் அவள் பெயர். அதுதான் வினை. அதைக் கண்டதும் பெண்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? "உம் பேரு மட்டும் மேல இல்லேன்னா எப்பவோ போட்டிருப்பேன், டெலைட்" என்று நாலு தடவை சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என்னிடம் தொப்பி வாங்குவதெல்லாம் சர்ச்சுக்குப் போகும் பெண்கள். எனக்குப் பயம், அவ்வளவுதான்.

நேற்று டெலைட் வந்தபோது பாதிரியாரின் மனைவி கொர்னீலியா டட்டன் தொப்பி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் பெண்ணுரிமைச் சங்கத்தில் இருப்பவள்தான்.

"கோவிச்சுக்காதே, டெலைட். சங்கத்துல பேசிட்டோம். உம் பேரை எடுத்துட்டா தெருவே வந்து கையெழுத்துப் போடும்."

"எடுக்கறதா? எம் பொண்ணுக்காகத்தானேம்மா இதை ஆரம்பிச்சேன்!"

"அதான் கேக்கறேன். மனு ஜெயிக்கணுமா, உம் பேரு நிக்கணுமா?"

டெலைட் ஜன்னலுக்குப் போனாள். கதவுக்குப் போனாள். மறுபடி ஜன்னல். எனக்குத் தலை சுற்றியது. கடையே அவளோடு சேர்ந்து நடப்பதுபோல் இருந்தது.

சட்டென்று என் நாடா வெட்டும் கத்திரியை எடுத்தாள். சுருளின் முதல் வரியை நூல் பிடித்தாற்போல் வெட்டினாள். தன் பெயர் இருந்த துண்டை ஆப்பிள் விதைகளோடு கோட்டுப் பையில் போட்டாள்.

"நல்ல காரியம் பண்ணினே" என்று கொர்னீலியா கை நீட்டினாள்.

டெலைட் அந்தக் கையைக் கவனிக்கவில்லை. மனுவை என் மேஜைமேல் விரித்தாள். பேனாவை மையில் தோய்த்து என் பக்கம் நீட்டினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.