மூன்று பிடி மண்

இங்கே தேத்தண்ணியைப் பையில் கட்டிக் கேட்பார்கள். சுடச்சுடப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கொடுத்தால் மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போவார்கள். மலேசியாவில், ஜொகூரின் பத்து பாகாட் ஊருக்கு வந்த புதிதில் என் விரலெல்லாம் வெந்தது. நான் வேலை பார்க்கும் கடைக்கு மலாய்ப் பெரியவர் ஒருவர் தினம் வருவார். பாக் சிக் என்று கூப்பிடுவேன், மலாயில் மாமா. இங்கே குடித்துவிட்டு, பெண்டாட்டிக்கு ஒரு பை கட்டிப் போவார்.

போன வருஷம் ஊரில் உம்மா மௌத்தானபோது அண்ணனுக்கு, எங்கள் காக்காவுக்குப் போன் போட்டேன். டிக்கெட் எடுத்துவிட்டேன், காலையில் வந்துவிடுவேன், அதுவரை அடக்காம வைங்க என்றேன்.

"மய்யித்தைக் காக்க வைக்கக் கூடாதுடா தம்பி," என்றார்.

அன்று சாயங்காலம் அசர் தொழுகைக்கே அடக்கிவிட்டார்கள். கபுர்க் குழியில் போடும் மூன்று பிடி மண்கூட எனக்கு வாய்க்கவில்லை. டிக்கெட்டைக் கேன்சல் செய்தேன். காக்காவோடு பேச்சையும் நிறுத்தினேன்.

முதலாளி லீவு தரவில்லை என்று நினைத்து, பாக் சிக் அவரிடம் சண்டைக்குப் போய்விட்டார். உள்ளதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை உம்மா பேரைக் கேட்டுப் பள்ளிவாசலில் சொன்னவரும் அவர்தான். தூரத்தில் இறந்தவர்களுக்கான காயிப் தொழுகை. உம்மாவைப் பார்த்தே இராத ஆட்கள் வரிசையாக நின்று தொழுதார்கள். நானும் நின்றேன். அல்லாஹ்வின் நாட்டம் என்று வாய் சொன்னது. மனசு காக்காவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

போன மாதம் பாக் சிக் இறந்தார். மகளுக்குக் கடல் தாண்டி சபா மாநிலத்தில் வேலை. சாயங்காலம்தான் வந்து சேர முடியும். மகன் காத்திருக்கவில்லை. மதியம் லுஹர் தொழுகைக்குப் பின் அடக்கினோம். நானும் மூன்று பிடி போட்டேன்.

மகள் வந்ததும் அண்ணனும் தங்கையும் கபுருக்குப் போய்விட்டு நேராகக் கடைக்கு வந்தார்கள். சண்டை வரும் என்று பார்த்தேன். மகன் தலை நிமிரவில்லை. சட்டைக் கையில் மண் காய்ந்திருந்தது. தங்கை அதைத் தட்டிவிட்டாள்.

"தாக் அபா, அபாங்," என்றாள். பரவாயில்லை அண்ணே என்று அர்த்தம்.

பிறகு அம்மாவுக்கு ஒரு தேத்தண்ணி கட்டச் சொன்னாள்.

பையைக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் பின்பக்கம் போய்க் காக்காவுக்குப் போன் போட்டேன்.

"சாப்பிட்டியாடா?" என்றார். பிறகு, "அன்னைக்கு நான் மூணு பிடி போட்டேன். உனக்குன்னு இன்னொரு மூணு பிடி போட்டேன்டா. சொல்ல விட்டியா நீ?"

இங்கிருந்து கிப்லா, தொழும் திசை, எங்கள் ஊர்ப் பக்கம்தான். தொழ நின்றால் எனக்கும் மக்காவுக்கும் நடுவில் கடல், கடல் தாண்டி உம்மா. நெற்றி படுவது ஜொகூர் மண்ணில்.