வட்டத்தில் தம்பி எனக்கு விட்ட இடம்

ஓராண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தும் உற்றார் உறவினர்க்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். வீட்டில் ஒருமையில் அழைத்த தம்பியை இங்கே மரியாதைப் பன்மையில் எழுதுகிறேன். அவர் இருந்தபோதே அந்த மரியாதையைச் செய்திருக்க வேண்டும்.

தம்பி அறந்தாங்கிக்கு அருகே பிறந்தார். நாங்கள் படிக்கும் பருவத்திலேயே தந்தையார் மறைந்தார். அன்னையாரின் உழைப்பால் நான் வணிகவியலும் அவர் வரலாறும் படித்துப் பட்டம் பெற்றோம். வளைகுடாவில், முசஃபாவில் நான் தொழிலாளர் கேம்ப் பொறுப்பாளராக இருந்த நிறுவனத்திலேயே அவருக்கு விசா பெற்றுத் தந்தேன். ஸ்டோர் கீப்பராக இருபது ஆண்டுகள் பணியாற்றிய அவர்மீது, ஒரு போல்ட் குறைந்ததாகக்கூடப் புகார் எழுந்ததில்லை.

விடுமுறை நாட்களில் மெஸ்ஸில் அமர்ந்து பழைய இங்கிலாந்தின் கதையைச் சொல்வார். அங்கே ஆளில்லாத மேட்டுக்கு நாடாளுமன்றத்தில் இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். பெருங்கூட்டம் உழைத்த ஆலை நகரங்களுக்கு ஒருவர்கூட இல்லை. மக்கள் மனுமேல் மனு எழுதி அதை மாற்றினார்கள்.

"அப்ப நம்ம கேம்ப்தான் அந்த ஆலை நகரம்" என்றார் மன்னார்குடி வெல்டர் ஒருவர்.

"மேடு எதுய்யா?" என்றார் இன்னொருவர்.

"நம்ம வீடுதான். பேரு ஓட்டர் லிஸ்ட்ல இருக்கு, ஆளு இங்க இருக்கான்."

அந்தச் சிரிப்பில்தான் மனு பிறந்தது. வாக்களிக்க ஊருக்கே நேரில் வரவேண்டும் என்ற விதியை மாற்றி, வேலை செய்யும் இடத்திலிருந்தே வாக்களிக்க வழி செய்யுமாறு நம் நாடாளுமன்றத்தை அது வேண்டியது. முதல் கையெழுத்தை என்னிடம் கேட்டார் தம்பி. மறுத்தேன். கேம்பில் ஆள் சேர்த்துக் கையெழுத்து வாங்குவது நிர்வாகத்தின் கண்ணுக்கு வேலைநிறுத்தத்துக்கு ஆள் திரட்டுவதாகத் தெரியும்.

"மேனேஜர் பாத்தா கலாஸ், கதை முடிஞ்சுது. எல்லாரும் பெட்டி கட்டணும்" என்றேன்.

"அப்ப முதல்ல யாருமே வேண்டாம்ணே."

மெஸ் தட்டொன்றைக் கவிழ்த்துத் தாளில் வட்டம் வரைந்தார். அதைச் சுற்றிக் கையெழுத்துகளை வாங்கினார். தொடங்கியவர் யாரென்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆயினும் தாளைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். டூட்டி ரிஜிஸ்டரில் எழுதும் பழக்கத்தில், ஒவ்வொருவரும் கையெழுத்தின் கீழே தம் ஊழியர் எண்ணையும் எழுதியிருந்தனர். ஆளையும் அறையையும் காட்டிக்கொடுக்க அது போதும்.

"நம்பர் எதுக்குடா?"

"நம்பர் இல்லாம அவங்க எங்கண்ணே கையெழுத்துப் போட்டிருக்காங்க?"

விடுப்பில் ஊருக்குப் புறப்பட்ட என்னிடம், அங்கிருந்து அனுப்பச் சொல்லித் தாளை ஒப்படைத்தார். விமான நிலையத்தில் என் பெட்டி சோதனைக்குள் சென்று மறுபக்கம் வெளிவரும்வரை அங்கிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஊர் வந்தும் அச்சம் விடவில்லை. தாளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். திரும்பிச் சென்று, "அனுப்பிட்டேன்" என்றேன்.

வாரந்தோறும் கேட்பார்: "பதில் வந்துச்சாண்ணே?"

"நாடாளுமன்றம்டா. மெதுவாத்தான் வரும்."

ஸ்டோரில் மார்வலியால் சாய்வதற்கு முதல் நாளும் கேட்டார்.

பணி ஓய்வு பெற்று வந்தபின் அத்தாளை மீண்டும் பிரித்தேன். அன்றைய பதற்றத்தில் ஒன்றைக் கவனிக்கவில்லை. வட்டத்தில் ஓரிடம் காலியாக இருந்தது. அதன் கீழே என் ஊழியர் எண்ணைத் தம்பி தம் கையாலேயே எழுதியிருந்தார்.

கையெழுத்திட்டோரை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொன்னேன். எண்களை மறைத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"அப்ப அனுப்பவே இல்லையா சார்?" என்றார் மன்னார்குடி வெல்டர். பிறகு, "பயமெல்லாம் அன்னிக்கே பட்டாச்சு. நம்பரோடவே அனுப்புங்க" என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

காலியிடத்தில் கையெழுத்திட்டு, பதிவு அஞ்சலில் அனுப்பிவிட்டேன்.

தம்பியை ஸ்டோரிலிருந்து தூக்கி மருத்துவமனைக்கு ஓடியவர்களுக்கும், ஆவணங்களுக்காக வெயிலில் வரிசையில் நின்றவர்களுக்கும், உடல் இருந்த பெட்டியுடன் ஊர்வரை வந்தவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. அவர்களுடைய பெயர்களை இங்கே அச்சிடவில்லை. அவர்கள் தடுக்கவில்லை, எனக்குத்தான் துணிவில்லை.

வளைகுடா எண்ணிலிருந்து அழைப்பு வரும்போதெல்லாம், எவருடைய விசாவோ போய்விட்டது என்றே அஞ்சுகிறேன். எடுத்தால் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "பதில் வந்துச்சா சார்?"