லால்குடி போய்த் திரும்பிய வேகன்

ஐம்பதுகளின் நடுவில் அப்பாவுக்குக் கரூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு மாற்றலானது. தட்டுமுட்டுச் சாமான்களோடு அம்மாவும் நானும் முன்னாலேயே வந்துவிட்டோம். நிறைமாதச் சினையாக இருந்த எங்கள் பசுவைக் கூட்ஸ் வண்டியில் புக் செய்து, துணைக்கு அப்பாவும் கூடவே ஏறினார். முந்தைய ஈற்றில் கன்று செத்துப் பிறந்து, அம்மா இரண்டு நாள் சோறு தொடவில்லை. இந்தத் தடவை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவோ சாணத்தைக் கண்டால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டுகிற ஆசாமி.

திருச்சி வரைக்கும் அகலப் பாதை. அங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்கு மீட்டர் கேஜ். பெரிய வேகன் இந்தத் தண்டவாளத்தில் ஓடாது என்பதால், திருச்சியில் பசுவை இறக்கிச் சின்ன வேகனில் ஏற்ற வேண்டும். இறக்கியதும் காவிரிப் பாலம் வழியாக ஓட்டிவந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஸ்ரீரங்கத்துக்கு புக் செய்ததை ஸ்ரீரங்கத்தில்தான் கொடுப்பார்களாம். சினை மாட்டை அவ்வளவு தூரம் நடத்த அம்மாவும் சம்மதிக்க மாட்டாள்.

மறுநாள் காலை ஸ்டேஷனில் காத்திருந்தோம். கூட்ஸ் வந்தது, நிற்கவில்லை. ஒரு வேகனின் கதவுச் சந்தில் அப்பா தெரிந்தார், அவருக்குப் பின்னால் பசுவின் கொம்பு. கையை ஆட்டி என்னவோ கத்தினார். சக்கரச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. வண்டி கொள்ளிடம் பக்கம் போய் மறைந்தது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஓடினேன். வேகனைக் கழற்றிவிடும் கிளைப்பாதை திருச்சிப் பக்கம் மட்டும்தான் திறந்திருக்கிறது, மறுமுனை அடைப்பு, அங்கிருந்து வரும் இன்ஜின் நேரே நுழைந்தால் வேகனுக்கு முன்னால் போய் அதுவே உள்ளே மாட்டிக்கொள்ளும் என்றார். வடக்கேயிருந்து வரும் வண்டிதான் அதைத் தாண்டிப் போய், பின்னுக்கு வந்து வேகனை உள்ளே தள்ள முடியும்.

"லால்குடி போயிட்டு, அங்கேருந்து திரும்புற வண்டியில சாயங்காலம் வந்துடும்மா. அம்மாவைக் கவலைப்படாம இருக்கச் சொல்லுங்க."

அடுத்த ஊருக்குப் போய்த்தான் இந்த ஊருக்கு வர வேண்டும் என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. பிளாட்பாரத்தின் கோடிக்குப் போய், தண்டவாளம் பிரியும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா அங்கே தவித்துக்கொண்டிருக்க, என் மனசு என்னவோ அந்தக் கிளையை விட்டு வரவில்லை.

சாயங்காலம் அவர் சொன்னபடியே நடந்தது. வடக்கேயிருந்து வந்த கூட்ஸ் எங்களைத் தாண்டிப் போய், நின்று, பின்னுக்கு வந்து எங்கள் வேகனை உள்ளே தள்ளியது. கதவைத் திறந்தார்கள். வைக்கோல்மேல் அப்பா வெற்றுடம்போடு உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் ரத்தம். அவருடைய துண்டில் சுற்றி ஒரு கன்று, உயிரோடு, காதை ஆட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதற்கு லால்குடி என்றே பெயர் வைத்தோம்.

"காலையில உங்களைத் தாண்டுறப்பவே வலி எடுத்துடுச்சு. அதைத்தான் கத்தினேன்" என்றார் அப்பா. "கன்னு பாதியில நின்னுடுச்சு. நான்தான் இழுத்துவிட்டேன்."

அம்மா கன்றைக்கூட அப்புறம்தான் பார்த்தாள். அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்து, முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள். நாலு பேர் பார்க்க அவள் அப்பாவைத் தொட்டது, நான் அறிந்து அன்று ஒருநாள்தான்.