பதினோராவது ஓட்டு

யார் யார் வருகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் கேட்டதற்குப் பதினோரு ஓட்டு. இன்று காலை சான் ரமோன் மைதானத்தில் எங்கள் கிரிக்கெட் டீமில் வந்தது பத்துப் பேர்தான்.

பதினோராவது ஓட்டு முரளியுடையது. வேலை போய், விசா கெடு முடிந்து, போன வாரம்தான் சென்னைக்குத் திரும்பினான். ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டதே நான்தான்.

போன் பண்ணினேன்.

"ஸாரி மச்சி, பழக்கத்துல அமுக்கிட்டேன். அப்புறம் ஓட்டை எடுக்க மனசு வரல."

அம்பயர் கேட்டார்: "இன்னொருத்தர் எங்க?"

"லேட்டா வருவான் அங்கிள், ஆரம்பிக்கலாம்" என்றார் கேப்டன்.

முரளி வழக்கமாக நிற்கும் ஸ்லிப்பில் யாரும் போய் நிற்கவில்லை. முதல் ஓவரிலேயே கேட்ச் அந்த வழியாகத்தான் போனது. யாரும் யாரையும் திட்டவில்லை.

அவனை க்ரூப்பிலிருந்து எடுக்கச் சொல்கிறார்கள். அட்மின் நான்தான். உங்கள் டீமில் இந்த வேலையை யார் செய்கிறார்கள்?